சீனத் தேயிலை ஊர்களுக்குச் சிக்கனமாகப் போய்வர: ஏப்ரல் மாதத்துக்கான ஒரு ரயில் பயணத் திட்டம்

சீனாவில் தேயிலை விளையும் மலைகளைப் பார்த்துவர வேண்டும் என்று ஆசைப்படும் நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது செலவைப் பற்றித்தான். ரயில், அறை, சாப்பாடு மூன்றையும் அங்கே சிக்கனமாக முடித்துவிடலாம். பணம் கரைவது வேறு இரண்டு வழிகளில்: தவறான தேதியில் போவது, தவறான மேசையில் உட்கார்ந்து தேநீர் குடிப்பது. இந்த இரண்டிலிருந்தும் உங்களைக் காப்பாற்றவே இதை எழுதுகிறேன். விசா படிவத்திலிருந்து தேயிலைப் பொட்டலத்தைப் பெட்டிக்குள் வைப்பது வரை, நான் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். சொல்லியிருக்கும் விலைகள் ஏறி இறங்கும். திட்டம் போடும்போது பத்து சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

1. முதலில் தேதியை முடிவு செய்யுங்கள்

தேயிலை மலைக்குக் கொழுந்து பறிக்காத மாதத்தில் போனால் பச்சைப் புதர்களையும் மூடிய பட்டறைகளையும்தான் பார்ப்பீர்கள். சீனாவில் நல்ல தேயிலைக்கான பறிப்புக் காலம் குறுகியது, ஒவ்வொரு ஊருக்கும் வேறுபடும். ஹாங்சோவின் லோங்ஜிங் பச்சைத் தேயிலை மார்ச் பிற்பாதியில் தொடங்கும். ஹுவாங்ஷான் பகுதியின் தாய்பிங் ஹோகுய் ஏப்ரல் 20 வாக்கில் வரும் குயூ (சீன நாட்காட்டியின் ஒரு பருவம்) நாளை ஒட்டி வரும். வூயிஷானின் பாறைத் தேயிலைக்கு ஏப்ரல் கடைசியிலிருந்து மே நடுப்பகுதி வரை. ஆன்ஷியின் தியெகுவான்யின் வசந்தத்தில் ஏப்ரல் கடைசி முதல் மே வரையிலும், மறுபடி அக்டோபரிலும் பறிக்கப்படுகிறது.

வடக்கிலிருந்து தெற்கே இறங்கினால் ஒரே பயணத்தில் பறிப்பையும் பின்தொடரலாம். ஆனால் இடையில் இரண்டு விடுமுறைகள் இருக்கின்றன. ஏப்ரல் 4 அல்லது 5இல் வரும் ச்சிங்மிங் (முன்னோரை நினைவுகூரும் நாள்) விடுமுறையில் ஹாங்சோவின் ஏரிக்கரையில் நடக்கவே இடம் இருக்காது. மே 1இல் தொடங்கும் தொழிலாளர் தின விடுமுறையில் ரயில் டிக்கெட் கிடைக்காது, அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும். அதனால் என் பரிந்துரை: ஏப்ரல் 14 வாக்கில் ஹாங்சோவில் இறங்குங்கள், 30ஆம் தேதிக்குள் ஷியாமெனிலிருந்து விமானம் ஏறிவிடுங்கள். ச்சிங்மிங்குக்கு முன் பறித்த லோங்ஜிங்கின் உச்ச விலையும் அதற்குள் இறங்கியிருக்கும்.

அக்டோபரில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் 1 முதல் 7 வரையிலான தேசிய விடுமுறை முடிந்த பிறகு போங்கள். ஆன்ஷியை மட்டும் நிதானமாகப் பாருங்கள்.

2. வழியைச் சுருக்குங்கள்

யுன்னானின் பூவர், சிச்சுவானின் மெங்டிங் மலை, ஃபூஜியான், ஜெஜியாங் என்று எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் அடைக்கப் பார்க்காதீர்கள். வரைபடத்தில் விரல் அளவு தெரியும் தூரம், தரையில் ஒரு முழு நாளையும் ஒரு விமான டிக்கெட்டையும் விழுங்கும். யுன்னான் தனிப் பயணத்துக்குரியது. குன்மிங்கிலிருந்து லாவோஸ் போகும் ரயில் பாதையிலேயே பூவரும் ஷிஷுவாங்பன்னாவும் இருப்பதால் அதை இன்னொரு வருடம் தனியாகப் போய்வரலாம்.

முதல் முறை போகிறவர்களுக்கு இந்த வழி போதும்: ஹாங்சோ (நான்கு இரவு), ஹுவாங்ஷான் நகரம் (நான்கு இரவு), வூயிஷான் (ஐந்து இரவு), ஷியாமென் வழியாக ஆன்ஷி (மூன்று இரவு). ஷியாமென் வரை எல்லாம் அதிவேக ரயிலில் இணைந்தவை. பச்சைத் தேயிலை, கறுப்புத் தேயிலை, ஊலோங் (இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது; பாறைத் தேயிலையும் தியெகுவான்யினும் இதில் சேரும்) ஆகிய மூன்று வகையும் உருவாகும் விதத்தை நேரில் பார்த்துவிடலாம்.

3. விசா

இந்திய பாஸ்போர்ட்டுக்குச் சீனா செல்ல விசா கட்டாயம். பல நாட்டினருக்கு உண்டான 240 மணி நேர இடைநிறுத்தச் சலுகை இந்தியர்களுக்கு இல்லை. அதை நம்பி டிக்கெட் எடுத்துவிடாதீர்கள். இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களும் விசா எடுக்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியக் குடிமக்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். அவர்கள் நேராக அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

சுற்றுலா விசாவுக்கு வேண்டியவை: ஆறு மாதமாவது செல்லுபடியாகும், வெற்றுப் பக்கங்கள் உள்ள பாஸ்போர்ட், பழைய சீன விசா இருந்தால் அதன் நகல், வெள்ளைப் பின்னணியில் 33க்கு 48 மில்லிமீட்டர் அளவுப் படம், போக வர விமான முன்பதிவு, தங்கும் எல்லா இரவுகளுக்கும் விடுதி முன்பதிவு, நாள்வாரிப் பயணத் திட்டம், வங்கிக் கணக்கு அறிக்கை, வேலையிலிருப்பவர்களுக்கு விடுப்புக் கடிதம். படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். சென்னையில் சீனத் தூதரகமும் இல்லை, விசா மையமும் இல்லை. மையங்கள் டெல்லி, மும்பை, கொல்கத்தாவில் உள்ளன. தமிழ்நாட்டு முகவரிக்கு எந்த மையம் என்பதை விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத்தின் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இங்கே சிக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, பெயர். நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருக்கும், அல்லது அப்பாவின் பெயர் அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். விசாப் படிவம், விமான டிக்கெட், ரயில் கணக்கு மூன்றிலும் பாஸ்போர்ட்டின் அடியில் உள்ள இரண்டு வரி எழுத்துகளைப் பார்த்து அதே வரிசையில் நிரப்புங்கள். இனிஷியலை நீங்களாகச் சேர்க்கவோ விடவோ செய்யாதீர்கள். விமான நிறுவனம் காலி இடத்தை ஏற்காமல் பெயரையே இரண்டு முறை கேட்டால், அந்த விவரத்தை விசா விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதத்தில் ஒரு வரியாகச் சொல்லிவிடுங்கள்.

இரண்டு, படிவத்தில் வேலை விவரம் கேட்கும் பகுதியில் இடைவெளி விடுவது. வேலை இல்லாத மாதங்கள் இருந்தால் அதையும் எழுதுங்கள். காலி இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும், ஒரு வாரம் போய்விடும்.

மூன்று, முகவர்கள். வெளியூர் மையத்துக்குப் போய்வருவதைவிட முகவரிடம் கொடுப்பது பலருக்கு மலிவாகவே முடியும். ஆனால் விசாக் கட்டணம், மையத்தின் சேவைக் கட்டணம், முகவரின் கூலி மூன்றையும் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு முகவர் எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொன்னார். பிரித்துக் கேட்டதும் தொகை கணிசமாகக் குறைந்தது.

நேரம்: விண்ணப்பம் ஏற்கப்பட்டபின் சில வேலை நாட்களில் முடிந்துவிடும். இணையவழிப் பரிசீலனையில் கேள்விகள் எழலாம் என்பதால் புறப்படும் நாளுக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள். அதுவரை விடுதி முன்பதிவுகள் கட்டணமின்றி ரத்து செய்யக்கூடியவையாக இருக்கட்டும்.

4. விமானம்

ஹாங்சோவில் இறங்கி ஷியாமெனில் ஏறுவதுபோல டிக்கெட் தேடுங்கள். போன ஊருக்கே திரும்பி வரும் டிக்கெட் சில ஆயிரம் ரூபாய் குறைவாகத் தெரிந்தாலும், ஷியாமெனிலிருந்து ஹாங்சோவுக்குத் திரும்பும் ரயில் கட்டணமும் ஒரு நாளும் அதைத் தின்றுவிடும். சென்னை, திருச்சியிலிருந்து கோலாலம்பூர் அல்லது சிங்கப்பூர் வழியாகப் போவது பெரும்பாலும் மலிவு.

மலிவு விமானங்களை இரண்டு தனி டிக்கெட்டுகளாக எடுத்தால், இடையில் குடிநுழைவு கடந்து பெட்டியை எடுத்து மீண்டும் ஒப்படைக்க வேண்டியிருக்கும். அந்த நாட்டுக்குள் நுழையும் தகுதி அன்றைக்கு உங்களுக்கு உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் பணம் கட்ட வேண்டும். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட்டாக எடுக்க முடிந்தால் கொஞ்சம் கூடக் கொடுத்தாவது எடுங்கள்.

சீனாவின் வருகை அட்டையை 2025 நவம்பர் முதல் இணையத்திலேயே நிரப்பலாம். அது இலவசம். காசு கேட்கும் தளம் எதுவானாலும் போலி.

5. புறப்படும் முன் கைபேசியில் செய்ய வேண்டியவை

கூகுள், வாட்ஸ்அப், ஜிமெயில், யூடியூப் எதுவும் சீன வலையமைப்பில் திறக்காது. வெளிநாட்டு இ-சிம் அல்லது உங்கள் சிம்மின் ரோமிங்கில் போனால் திறக்கும். எனவே சீன விடுதியின் வைஃபையை மட்டும் நம்பாமல், பயண நாட்களுக்குப் போதுமான இ-சிம் ஒன்றை ஊரிலிருந்தே வாங்கிக்கொள்ளுங்கள். இந்திய சிம்மையும் அணைக்காமல் வையுங்கள். வங்கியின் ஓடிபி அதில்தான் வரும்.

வரைபடத்துக்கு ஏமேப் என்ற சீனச் செயலி. பணத்துக்கு அலிபே, வீசாட். ரயிலுக்கு 12306. மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை இணையம் இல்லாமலே இயங்கும்படி இறக்கி வையுங்கள். விடுதி முகவரிகள் ஒவ்வொன்றையும் சீன எழுத்தில் படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள். டாக்சி ஓட்டுநருக்கு ரோமன் எழுத்து முகவரியால் பயனில்லை.

6. பணம்

அங்கே டீக்கடை முதல் கோயில் வாசல் வரை கைபேசியால் வருடித்தான் பணம் கொடுக்கிறார்கள். அலிபேயில் வீசா அல்லது மாஸ்டர்கார்டை இணைக்கலாம். ஊரிலிருந்தே பாஸ்போர்ட் படத்தோடு சரிபார்ப்பை முடித்து, வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் இணையப் பரிவர்த்தனையையும் திறந்து வையுங்கள். ரூபே அட்டையை நம்பிப் போகாதீர்கள். வெவ்வேறு வங்கிகளின் இரண்டு அட்டைகளாவது வேண்டும். ஒன்றை வங்கி சந்தேகப்பட்டு முடக்கிவிட்டால் மற்றொன்று உதவும்.

200 யுவானுக்குள் வெளிநாட்டு அட்டைக்கு அலிபே கட்டணம் எடுப்பதில்லை. அதைத் தாண்டினால் 3 சதவீதம். உங்கள் வங்கி எடுக்கும் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி, பல அட்டைகளில் 3.5 சதவீதம் வரை போகும். பெரிய தொகையாகத் தேயிலை வாங்கும்போது இந்த இரண்டும் சேர்ந்து உறுத்தும்.

தேயிலை ஊர்களுக்கே உரிய சிக்கல் ஒன்றும் இருக்கிறது. மலைக் கிராமத்து விவசாயி சுவரில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் தனிநபர் கியூஆர். வெளிநாட்டு அட்டை இணைத்த கணக்கிலிருந்து தனிநபருக்குப் பணம் அனுப்ப முடியாமல் போகலாம். தேயிலையைப் பொட்டலம் கட்டி முடித்தபின் பணம் போகாமல் நிற்பது இரு தரப்புக்கும் சங்கடம். அதனால் 1000 யுவானாவது ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாதி 10, 20 யுவான் தாள்களாக. பேங்க் ஆஃப் சைனா, ஐசிபிசி ஏடிஎம்களில் வெளிநாட்டு அட்டைக்குப் பணம் வரும். ஏடிஎம்மை நகரத்திலேயே முடித்துவிட்டு மலையேறுங்கள்.

7. ரயில் டிக்கெட்

12306 என்பது ரயில்வேயின் சொந்தத் தளம், செயலியும் உண்டு. சேவைக் கட்டணம் இல்லை. கணக்குத் தொடங்கி பாஸ்போர்ட்டைச் சரிபார்க்கச் சில நாள் ஆகலாம் என்பதால் ஊரிலேயே முடியுங்கள். டிக்கெட் விற்பனை பயணத்துக்கு 15 நாள் முன்பு தொடங்கும். அதற்கு முன்பே விற்பதாகச் சொல்லும் தளங்கள் உங்கள் கோரிக்கையைப் பதிந்துகொள்கின்றன, அவ்வளவுதான். அதை உறுதியான டிக்கெட் என்று நினைக்காதீர்கள்.

காகித டிக்கெட் கிடையாது. பாஸ்போர்ட்தான் டிக்கெட். தானியங்கி வாயில் உங்கள் பாஸ்போர்ட்டைப் படிக்காவிட்டால் பக்கத்தில் ஊழியர் நிற்கும் வழியில் காட்டுங்கள். ரயில் கிளம்புவதற்குச் சில நிமிடம் முன்பே நடைமேடை வாயிலை மூடிவிடுவார்கள். பாதுகாப்புச் சோதனையும் உண்டு, ஹாங்சோ கிழக்கு போன்ற நிலையங்கள் விமான நிலைய அளவுக்குப் பெரியவை. 45 நிமிடம் முன்னதாகப் போய்விடுங்கள்.

அந்தச் சோதனையில் கத்தி பறிபோகும். வட்டாக அழுத்திய பூவர் தேயிலையை உடைக்க விற்கும் கூரான ஊசியும் அதில் அடக்கம். கடையில் அழகாக இருக்கிறதே என்று வழியில் வாங்காதீர்கள்.

இரண்டாம் வகுப்புக் கட்டணம் தோராயமாக: ஹாங்சோ கிழக்கிலிருந்து ஹுவாங்ஷான் வடக்கு 120 யுவான், அங்கிருந்து வூயிஷான் இன்னொரு 120, வூயிஷானிலிருந்து ஷியாமென் 170 வாக்கில்.

வூயிஷானுக்கு இரண்டு அதிவேக நிலையங்கள். வூயிஷான் வடக்கு ஒன்று. மற்றொன்றின் இப்போதைய பெயர் நான்பிங்ஷி. முன்பு அதை வூயிஷான் கிழக்கு என்றார்கள். பழைய குறிப்புகளைப் பார்த்துக் கிழக்கு என்று தேடினால் எதுவும் வராது. உங்கள் விடுதிக்கு எது பக்கம் என்று ஏமேப்பில் பார்த்துவிட்டு எடுங்கள்.

8. தங்குமிடமும் போலீஸ் பதிவும்

சீனாவில் வெளிநாட்டவர் தங்கும் இடத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் பதிய வேண்டும். விடுதியில் தங்கினால் வரவேற்பு மேசையிலேயே பாஸ்போர்ட்டை வாங்கிப் பதிந்துவிடுவார்கள். தேயிலை விவசாயியின் வீட்டிலோ பதிவு வசதியில்லாத சிறு இல்லத்திலோ தங்கினால், வீட்டுக்காரரோடு உள்ளூர் காவல் நிலையம் போய் நீங்களே பதிய வேண்டும். இலவசம்தான், ஆனால் விடக்கூடாது.

வெளிநாட்டவரைத் தங்கவைக்க உரிமம் இல்லை என்று சிறு விடுதிகள் கைவிரிப்பதைத் தடுக்க 2024இல் அரசு உத்தரவிட்டிருக்கிறது. ஆனாலும் பதிவு முறை தெரியாத பணியாளர் இரவு பத்து மணிக்குத் தலையாட்டினால் உத்தரவைக் காட்டி வாதாட முடியாது. முன்பதிவு செய்த கையோடு "இந்திய பாஸ்போர்ட், தங்கலாமா?" என்று செயலியிலேயே செய்தி அனுப்பிப் பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

பொதுக்கூடப் படுக்கை 50 முதல் 90 யுவான், எளிய தனியறை 120 முதல் 200. இரண்டு பேராகப் போனால் தனியறையே லாபம்.

9. ஹாங்சோ: காலையில் பறிப்பு, பிற்பகலில் வறுப்பு

மேற்கு ஏரிக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. சீனத் தேசியத் தேயிலை அருங்காட்சியகமும் இலவசம், திங்கட்கிழமை மூடியிருக்கும். முதல் நாளே அங்கே போய்விட்டால் மீதிப் பயணத்தில் பார்ப்பவை எல்லாம் புரியும்.

லோங்ஜிங் கிராமத்துக்கு ஏரிக்கரையிலிருந்து 27ஆம் எண் பஸ் போகிறது, 2 யுவான். சனி, ஞாயிறு தவிருங்கள். கிராமத்திலிருந்து ஜியுஷி ஓடை வழியாகக் கீழே இறங்கும் பாதை தேயிலைச் சரிவுகளுக்கு நடுவே போகிறது. அரை நாள் நடை, செலவில்லை. நீலகிரியின் எஸ்டேட்டுகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனித் துண்டு நிலம் இருப்பது வித்தியாசமாகத் தெரியும். பாத்திகளுக்குள் இறங்காமல் பாதையிலேயே நில்லுங்கள்.

விடியலில் பறித்த கொழுந்தைச் சில மணி நேரம் மூங்கில் தட்டுகளில் பரப்பி வாடவிட்டு, பிற்பகலில்தான் வறுக்கத் தொடங்குவார்கள். ஆகவே இரண்டு மணிக்கு மேல் வீடுகளின் முன்னால் நடந்து பாருங்கள். வீட்டு வாசலிலேயே மின் வாணலி வைத்திருப்பார்கள். வறுப்பவர் வெறுங்கையால் கொழுந்தை வாணலியின் வளைந்த சுவரோடு அழுத்தி, இழுத்து, உதறி, மறுபடி அழுத்துவார். உள்ளங்கைக்கும் சூடான இரும்புக்கும் நடுவே இருப்பது அந்த இலைப் படலம் மட்டும்தான். ஈரக் கொழுந்து மெல்ல மெல்லத் தட்டையாகி, நிறம் வெளுத்து, வறுத்த கொண்டைக்கடலையின் மணம் எழும். ஒரு முறை வறுத்து ஆறவைத்து மறுபடி வறுப்பார்கள் என்பதால், பொறுமையாக நின்றால் இரண்டு கட்டங்களையும் பார்க்கலாம். நிற்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. உட்கார்ந்து ஒரு குவளை குடிப்பதானால் விலையைக் கேட்டுவிட்டு உட்காருங்கள்.

10. ஹுவாங்ஷான்: மலையா, தேயிலையா?

ஹுவாங்ஷான் சிகரத்துக்கு ஏறப் பருவகாலத்தில் 190 யுவான் நுழைவு, கேபிள் கார் ஒரு வழிக்கு 80, 90, பஸ் தனி. மேலே ஓர் இரவு தங்கினால் பயணத்தின் மிக விலையுயர்ந்த இரவு அதுவாகத்தான் இருக்கும். கையில் பணம் குறைவாக இருந்தால் சிகரத்தை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. நகரத்தின் துன்ஷி பழைய தெருவுக்குப் பக்கத்தில் அறை எடுத்துக்கொண்டு தேயிலைக்காகவே நாட்களைச் செலவழியுங்கள்.

கீமுன் கறுப்புத் தேயிலையின் ஊரான ச்சிமெனுக்கு இப்போது அதிவேக ரயில் இருக்கிறது; ச்சிமென் தெற்கு நிலையத்தில் இறங்கி, காலையில் போய் மாலையில் திரும்பலாம். தாய்பிங் ஹோகுய் விளையும் ஷின்மிங் பக்கத்து மலைகளுக்குப் போவது சிரமம்: தாய்பிங் பக்கம் பஸ்ஸில் போய், பிறகு கார் பிடிக்க வேண்டும். மூன்று நான்கு பேர் சேர்ந்து கார் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். ஆனால் 20ஆம் தேதி வாக்கில் அங்கே இருக்க முடிந்தால் போய்விடுங்கள். விரல் நீளத்துக்கும் மேலான இலைகளை ஒவ்வொன்றாகக் கம்பி வலைமேல் நேராக அடுக்கி, துணி போர்த்தி அழுத்துகிறார்கள். காய்ந்த இலையில் அந்த வலையின் தடம் அப்படியே பதிந்திருக்கும்.

11. வூயிஷான்: ஐந்து இரவு ஏன்?

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. மழைக்காகவும் இரண்டு நாள் கூடுதலாக வைத்திருக்கிறேன்: ஏப்ரலில் இங்கே மழை அதிகம், மழை பெய்தால் பறிப்பு நிற்கும்.

பூங்காவுக்குள் போக உள்சுற்று பஸ் டிக்கெட் எடுக்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள் என்று உண்டு. ஒரு நாளுக்கும் மூன்று நாளுக்கும் விலை வித்தியாசம் சிறிதுதான், மூன்று நாளாகவே எடுங்கள். ஒன்பது வளைவு ஆற்றில் மூங்கில் தெப்பப் பயணம் தனிக் கட்டணம், 130 யுவான் வாக்கில், முன்பதிவு அவசியம். தேயிலைக்காகப் போகிறவர்கள் அதைத் தவிர்த்தாலும் நட்டமில்லை.

தவிர்க்கக்கூடாதது, புகழ்பெற்ற பாறைத் தேயிலையான தாஹோங்பாவின் தாய்மரங்கள் இருக்கும் பள்ளத்தாக்கிலிருந்து நீர்த்திரைக் குகை வரை போகும் நடைபாதை. இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவில் குறுகிய கல்வரப்புகளில் புதர்கள். கொழுந்து நிரம்பிய கூடைகளைக் காவடியாகத் தோளில் சுமந்து ஆண்கள் அந்தப் படிகளில் விறுவிறுவென்று ஏறி வருவார்கள். அவர்கள் வந்தால் ஒதுங்கி நில்லுங்கள், மறித்துப் படமெடுக்காதீர்கள். கூலி சுமையைப் பொறுத்தது, அவர்களுக்கு நேரம் முக்கியம்.

பாறைத் தேயிலையின் உண்மையான வேலை இரவில் நடக்கிறது. பகலில் வெயிலில் வாட்டிய இலையை இரவு முழுக்கக் குலுக்கி, ஆறவிட்டு, மறுபடி குலுக்குவார்கள். பட்டறை வைத்திருக்கும் குடும்பம் நடத்தும் விடுதியில் அறை எடுத்து, முதல் நாளே அனுமதி கேட்டு வையுங்கள். நள்ளிரவில் அந்த அறைக்குள் நுழைந்தால் பச்சை வாசனை பூவாசனையாக மாறிக்கொண்டிருப்பதை மூக்கே சொல்லிவிடும். வாசனைத் தைலம், கொசுவிரட்டி எதுவும் பூசிக்கொண்டு போகாதீர்கள்.

இங்கே மூன்று பொறிகள். தாஹோங்பாவின் ஆறு தாய்மரங்களில் 2006 முதல் பறிப்பதே இல்லை. தாய்மரத்து இலை என்று யார் விற்றாலும் பொய். பறித்த பாறைத் தேயிலையைக் கரிநெருப்பில் மாதக் கணக்கில் பல தவணையாக வறுக்க வேண்டும். ஏப்ரலில் "இந்த வருடப் புதுசு" என்று முடிந்த சரக்கு இருக்கவே முடியாது. போன வருடத்தது என்று நேராகச் சொல்கிறவரிடம் வாங்குங்கள். மூன்றாவது, புகைமணக் கறுப்புத் தேயிலையின் பிறப்பிடமான துங்மு. அது இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கிறது, சோதனைச் சாவடியில் வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உள்ளே கூட்டிப்போகிறேன் என்று முன்பணம் கேட்கும் ஓட்டுநரிடம் பேச்சையே வளர்க்க வேண்டாம்.

12. ஆன்ஷி

ஷியாமெனில் பெட்டியை வைத்துவிட்டு ஒரு சிறு பையோடு ஆன்ஷிக்குப் பஸ்ஸில் போங்கள். அங்கே "சீனத் தேயிலைத் தலைநகரம்" என்ற மொத்தச் சந்தை இருக்கிறது. விவசாயிகள் கோணிப்பைகளில் தியெகுவான்யினைக் கொண்டுவந்து வைத்திருப்பார்கள். வாங்குகிறவர் கை நிறைய அள்ளி மோந்து பார்ப்பார், பக்கத்திலேயே வெந்நீரில் போட்டுச் சுவைப்பார். இன்னொரு பக்கம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து உருண்டைகளிலிருந்து காம்புகளைக் கிள்ளி எடுத்துக்கொண்டிருப்பார்கள். காலையில் போனால்தான் இதெல்லாம். தோட்டம் பார்க்க ஷிபிங் பக்கம் போகலாம், ஆனால் கடைசி பஸ்ஸின் நேரத்தை இறங்கியதுமே கேட்டுக்கொள்ளுங்கள்.

13. சாப்பாடு

அசைவம் சாப்பிடுபவர்களுக்குப் பிரச்சினை இல்லை. 15, 20 யுவானுக்கு ஒரு பெரிய கிண்ணம் நூடுல்ஸ். சைவர்கள் கவனிக்க: வெறும் கீரை வதக்கலிலும் பன்றிக் கொழுப்பு இருக்கலாம், சூப்பில் கோழிப்பொடி இருக்கலாம். "இறைச்சி, மீன், பன்றிக் கொழுப்பு, கோழிப்பொடி வேண்டாம்" என்று நாலையும் பெயர் சொல்லிச் சீன மொழியில் ஓர் அட்டை அச்சடித்துக்கொள்ளுங்கள். பௌத்தக் கோயில்களின் அருகில் சுத்த சைவ உணவகங்கள் உண்டு. ஹாங்சோவில் லிங்யின் கோயில் பக்கம் தேடுங்கள். வூயிஷான் இரவுகளுக்குக் கொஞ்சம் பருப்புப்பொடியும் ஊறுகாயும் எடுத்துப்போனால் வெறும் சோறு கிடைத்தாலும் போதும்.

14. மொத்தக் கணக்கு

16 இரவுக்கு, இருவராகப் பகிர்ந்து தங்கினால் ஒருவருக்கு: அறை 1400 யுவான், சாப்பாடு 1300, ரயிலும் ஆன்ஷி பஸ்ஸும் 560, உள்ளூர்ப் போக்குவரத்தும் ஒரு பகிர்வு காரும் 400, நுழைவுகள் 150 (ஹுவாங்ஷான் சிகரம் சேர்க்காமல்). ஆக 3800 யுவானுக்குப் பக்கம். யுவானுக்கு 13 ரூபாய் என்று வைத்தால் 50,000 ரூபாயைத் தொடாது. விமானம், விசா, இ-சிம், தேயிலை இதற்கு வெளியே.

15. தேயிலை வாங்கும்போது

விலைப் பலகையில் இருப்பது கிலோவுக்கான விலை என்று நினைக்காதீர்கள். அங்கே விலை சொல்வது ஜின் கணக்கில். ஒரு ஜின் 500 கிராம். சில கடைகளில் லியாங் கணக்கு. அது 50 கிராம். விலை சொன்னதும் "எத்தனை கிராமுக்கு?" என்று கால்குலேட்டரில் 500 என்றோ 50 என்றோ தட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

மேற்கு ஏரி லோங்ஜிங்குக்கு அரசின் கியூஆர் முத்திரை ஒட்டியிருக்கும். முத்திரையில்லாமல் அந்தப் பெயரின் விலையைக் கொடுக்க வேண்டாம். அதே நேரத்தில், ஜெஜியாங்கின் மற்ற மாவட்டங்களில் விளையும் லோங்ஜிங் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. தினசரிக் குடிக்க அதுவே தாராளம்.

ஷாங்காய் வழியாகப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மக்கள் சதுக்கம், நான்ஜிங் சாலைப் பக்கம் நன்றாக ஆங்கிலம் பேசும் இளைஞர்கள் படம் எடுத்துத் தரச் சொல்லிப் பழகி, தேநீர் விழாவுக்குப் போகலாமா என்று அழைப்பார்கள். சில குவளைக்கு ஆயிரக்கணக்கான யுவான் பில் வரும். அழைப்பு வந்த இடத்திலேயே மறுத்துவிடுங்கள். உள்ளே மாட்டிக்கொண்டால் போலீசை 110இல் அழையுங்கள். கடைகளின் மோசடி பற்றிய புகாருக்கு 12315.

தேயிலைப் பட்டறைகளிலும் ஓட்டுநர் கூட்டிப்போகும் வீட்டில் விலையில் அவருடைய பங்கு சேர்ந்திருக்கும். நீங்களாக நடந்து போன வீட்டில் வாங்குங்கள். மூன்று வகைக்கு மேல் ஒரே அமர்வில் சுவைக்காதீர்கள். நாக்கு மழுங்கி, கடைசியாக ஊற்றிய விலையுயர்ந்தது எல்லாவற்றையும்விட நன்றாகத் தோன்றும். 50 கிராம் வாங்கி, அன்றிரவு அறையில் சாதாரண வெந்நீரில் போட்டுக் குடித்துப் பார்த்துவிட்டு, மறுநாள் போய் மீதியை வாங்குங்கள். விற்பவர் இதைத் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

பச்சைத் தேயிலையையும் பச்சைமணத் தியெகுவான்யினையும் காற்று உறிஞ்சிய சிறு பொட்டலங்களாகக் கட்டித் தரச் சொல்லுங்கள். ஊர் வந்ததும் ஃப்ரிட்ஜில் வைத்து அந்த வருடத்துக்குள் குடித்துவிட வேண்டும். பாறைத் தேயிலையும் கீமுனும் அலமாரியில் ஒளிபடாமல் இருந்தால் போதும். தாய்பிங் ஹோகுய் இலை நொறுங்கும், அதைத் தகர டப்பாவில் போட்டுக் கைப்பையில் எடுத்து வாருங்கள். மற்றவற்றை மூடிய உறையோடும் பில்லோடும் பெட்டிக்குள் வையுங்கள். சுங்கத்தில் கேட்டால் இரண்டையும் காட்டலாம்.